விறகு தள்ளும் வேளையில் எழும் புகை

மூச்சிரைப்புடன் வரும் மூதாட்டியரிடம் புகைபிடிக்கும் பழக்கம் உண்டா என்று கேட்டால், கேட்டவரை ஏற இறங்கப் பார்ப்பார்கள். "பீடியக் கையில தொட்டதுகூட இல்லீங்க" என்று பதில் வரும். அது உண்மைதான். வீட்டில் எந்த அடுப்பு என்று அடுத்துக் கேட்கும்போதுதான் நோயின் வேர் புலப்படும். நாற்பது ஆண்டுகள் விறகடுப்பின் முன் அமர்ந்தவர்களுக்கு, பீடியைத் தொடாமலேயே நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் வரக்கூடும்.

வீட்டுக்குள் எழும் அடுப்புப் புகையால் 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. தமிழகக் கிராம வீடுகளில் சென்னை ஆய்வாளர்கள் நுண்தூசியை அளந்து 2002இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சமையலறை தனியே உள்ளதா, தடுப்புச் சுவர் உண்டா என்பதைப் பொறுத்துப் புகையின் அளவு மாறுவதை அவர்கள் கண்டார்கள். தடுப்பில்லாத வீட்டில், சமைக்காமல் மூலையில் படுத்திருக்கும் நோயாளியும் அதே புகையைத்தான் சுவாசிக்கிறார்.

அடுப்பு நன்றாக எரியும்போது புகை குறைவு. புதிய விறகு வைத்தவுடன்தான் அது அறையை நிறைக்கிறது. விறகு சூடேறும்போது அதிலிருந்து முதலில் ஈரம் ஆவியாகும். பின்னர் எரியக்கூடிய வாயுக்கள் வெளிவரும். அருகில் சுடர் இருந்தால் அந்த வாயுக்கள் எரிந்துவிடும். சுடர் அணைந்து தணல் மட்டும் கிடந்தால், அவை எரியாமல் புகையாகக் கிளம்பும். ஒரே நேரத்தில் கட்டை கட்டையாகத் திணிப்பது சுடரையும் அமுக்கும், காற்றின் வழியையும் அடைக்கும். புகைபோக்கி சூடாக இருந்தால்தான் புகையை மேலே இழுக்கும். ஈர விறகு அந்தச் சூட்டைக் குறைப்பதால், புகை அடுப்பின் வாய் வழியாகவே அறைக்குள் திரும்புகிறது.

ஆகவே, சுடர் முழுதும் அடங்கும்வரை காத்திராதீர்கள். விறகு வைப்பதற்கு முன்பே சன்னலையும் பின்கதவையும் திறந்துவிடுங்கள். சாம்பலைச் சற்று விலக்கி, தணலை ஒன்றுசேர்த்து, மெல்லிய காய்ந்த குச்சிகள் இரண்டை அதன்மேல் இடைவெளிவிட்டு வையுங்கள். அவை பற்றியபின் பெரிய விறகின் நுனியை மட்டும் உள்ளே வைத்து, எரிய எரியச் சிறிது சிறிதாகத் தள்ளுங்கள். ஊதவேண்டி வந்தால் ஊதுகுழலின் முனை தணலை நோக்கியிருக்கட்டும். முகத்தை அப்பால் திருப்பி மூச்சை இழுத்த பிறகே ஊதுங்கள். பலர் அடுப்பின் எதிரிலேயே மூச்சை இழுத்துப் புகையை விழுங்கிவிடுகிறார்கள்.

இவ்வளவும் விறகு காய்ந்திருந்தால்தான் பலிக்கும். நம் பக்கத்தில் தென்னை மட்டை, மரவள்ளிக் குச்சி, வேலிக்காத்தான் விறகு ஆகியவையே பெரும்பாலும் எரிகின்றன. ஐப்பசி மழைக்கு முன்பே அவற்றைக் கூரைக்கு அடியில், தரையில் படாமல் அடுக்கிவிட வேண்டும். மறுநாளுக்கான விறகை முதல்நாளே அடுப்பருகே வைத்து உலர்த்தும் பாட்டிமார் வழக்கம் மிக நல்லது. தணலில் இருந்து தள்ளி வைத்தால் போதும். தீ மூட்ட விசைத்தறிக் கழிவு நூலையோ பிளாஸ்டிக் பையையோ பயன்படுத்தாதீர்கள். எண்ணெயும் செயற்கை இழையும் எரியும் புகை, விறகுப் புகையினும் கொடியது.

புகைபோக்கி இருந்தால் அது கூரையின் உச்சிக்கு மேலே நீண்டிருக்க வேண்டும்; கரி படிந்து குறுகினால் அடுப்பு ஆறியபின் சுத்தம் செய்யுங்கள்.

இவை புகையைக் குறைக்குமேயன்றி அடியோடு நீக்கா. நுரையீரல் நோயாளி உள்ள வீட்டில் சமையல் எரிவாயுவுக்கு மாறுவதே நல்லது. ஆனால் எரிவாயு வந்த வீடுகளிலும் வெந்நீர் அடுப்பு விறகில்தான் எரிகிறது. அதையாவது வாசலுக்கோ புழக்கடைக்கோ மாற்றலாமே! பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டியபின் சாம்பிராணிப் புகை காட்டுவதையும் தவிர்த்துவிடுங்கள். அந்தச் சிறு நுரையீரல் அதைத் தாங்காது.

வீட்டில் ஆக்சிஜன் செறிவூட்டியைப் பயன்படுத்துவோருக்கு ஒரு தனி எச்சரிக்கை. ஆக்சிஜன் நிறைந்த காற்றில் சிறு பொறியும் பெருந்தீயாகும். மூக்கில் குழாயுடன் அடுப்பருகே ஒருபோதும் செல்லக் கூடாது. கருவிக்கும் எந்த நெருப்புக்கும் இடையே குறைந்தது 10 அடி தூரம் இருக்கட்டும். விறகு தள்ளும் பொறுப்பை வேறொருவர் ஏற்றுக்கொள்ளட்டும். புகை அடங்கும்வரை நோயாளி வெளித்திண்ணையில் இருக்கட்டும்.