பாதி வைத்தியம் வீட்டு வாசலில்

கண், காது, மூக்கு மூன்றையும் பயன்படுத்தினால் காரின் பல கோளாறுகளைச் சொந்தக்காரரே கண்டுபிடித்துவிடலாம். எங்கே கையை எடுத்துவிட வேண்டும் என்பதும் தெரிந்திருந்தால் பணமும் மிச்சம், உயிரும் பத்திரம்.

ஜனவரி மாத தில்லி. பனிமூட்டம் விலகாத காலை நேரம். சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பின் ஸீட்டில் பள்ளிக்கூடப் பையுடன் குழந்தை. காவலாளியிலிருந்து எதிர்வீட்டுக்காரர் வரை ஆளுக்கொரு யோசனை. கடைசியில் வந்துசேரும் மிஸ்திரி செய்வது ஒரே காரியம்: பேட்டரி முனையில் பூத்திருக்கும் பொடியைச் சுரண்டிவிட்டு நட்டை இறுக்குகிறார். கார் கிளம்புகிறது. கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டுப் பறக்க வேண்டியதுதான். ஒவ்வொரு குளிர்காலத்திலும் வட இந்தியக் குடியிருப்புகளில் அரங்கேறும் காட்சி இது.

ஒரு காலத்தில் இதற்கெல்லாம் மிஸ்திரியைக் கூப்பிட்டால் சிரிப்பார்கள். அம்பாஸடரோ பத்மினியோ வைத்திருந்தவர் பாதி மெக்கானிக். பிளக்கைக் கழற்றி உப்புத்தாளால் தேய்ப்பதும், கோடையில் சூடேறி முரண்டு பிடிக்கும் பெட்ரோல் பம்ப்பின் மேல் ஈரத்துணி போடுவதும் அவருக்குக் கைவந்த கலை. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. தலைநகர்ப் பகுதியில் விற்கும் புதிய கார்களுக்கான புகைக் கட்டுப்பாட்டை 1999-ல் உச்ச நீதிமன்றம் இறுக்கியது. கார்பரேட்டர் இருந்த இடத்தை மெல்ல மெல்ல ஃபியூயல் இன்ஜெக்ஷனும் கம்ப்யூட்டரும் பிடித்துக்கொண்டன. அம்பாஸடர் உற்பத்தியே 2014-ல் நின்றுபோனது.

கைக்கு வேலை குறைந்தது உண்மை. ஆனால் நோயறியும் வேலை குறையவில்லை. காரை தினமும் ஓட்டுபவருக்குத் தெரியும் மாற்றம் ஒர்க் ஷாப்பில் ஐந்து நிமிடம் பார்ப்பவருக்குத் தெரியாது.

கிளம்பாத காரையே எடுத்துக்கொள்ளலாம். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு சாவியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். வெளிச்சம் மங்கினால் சந்தேகம் பேட்டரி மீதும் அதன் முனைகள் மீதும். வெளிச்சம் குறையாமல் 'டிக்' சத்தம் மட்டும் வந்தால் ஸ்டார்ட்டர் மோட்டார் பக்கம் கோளாறு. இன்ஜின் நன்றாகச் சுற்றியும் பற்றிக்கொள்ளவில்லை என்றால் பேட்டரியைக் குறை சொல்லிப் பயனில்லை. பெட்ரோலோ மின்பொறியோ வந்து சேரவில்லை. சாதாரண மல்டிமீட்டர் ஒன்றிருந்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். இன்ஜின் ஓடும்போது பெரும்பாலான கார்களில் இது 14 வோல்ட்டை ஒட்டி உயர வேண்டும். உயராவிட்டால் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரைப் பார்க்க வேண்டும். புது பேட்டரி வாங்கிப் போட்டாலும் அதுவும் இரண்டு நாளில் படுத்துவிடும்.

முனையில் பூத்த பொடிக்கு சமையல் சோடா கலந்த வெந்நீர் போதும். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது அது கடைசியில். இந்த வரிசை மாறினால் ஸ்பானர் காரின் உலோகத்தில் பட்டுத் தீப்பொறி பறக்கும்.

மே மாத நெடுஞ்சாலையில் வருவது வேறு வியாதி. வெப்பமானி முள் சிவப்பைத் தொட்டால் ஏ.சி.யை அணைத்து, காரை ஓரமாக நிறுத்தி, இன்ஜினை நிறுத்திவிட வேண்டும். பலர் தவறுவது அடுத்த நிமிடத்தில்தான்: ரேடியேட்டர் மூடியைத் திறக்கிறார்கள். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் நீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் காத்திருக்கும். மூடி திறந்ததும் முகத்தில் பீறிட்டு அடிக்கும். அரை மணி நேரத்துக்கு மேல் ஆறவிட்ட பிறகே மூடியில் கை வைக்கலாம். பிறகு கூலன்ட் அளவு, கசியும் ஹோஸ், மின்விசிறியின் ஃபியூஸ் ஆகியவற்றைப் பார்க்கலாம். எரிந்த ஃபியூஸுக்குப் பதில் அதே ஆம்பியர் ஃபியூஸ்தான் போட வேண்டும். சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றி வைக்கும் பழைய தந்திரம் காரையே கொளுத்திவிடும்.

புகையும் தரையும்கூட சாட்சி சொல்லும். கறுப்புப் புகை என்றால் எரிபொருள் அதிகம், காற்று குறைவு; ஏர் ஃபில்டரிலிருந்து சோதனையைத் தொடங்கலாம். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை அடங்காமல் இனிப்பு வாடையோடு வந்தால் கூலன்ட் இன்ஜினுக்குள் புகுந்துவிட்டது. காருக்கடியில் சொட்டும் தெளிந்த நீர் ஏ.சி.யுடையது, கவலை வேண்டாம். பச்சை அல்லது ரோஸ் நிறத்தில் இருந்தால் கூலன்ட். சக்கரத்தின் உட்புறம் பிசுபிசுப்பான ஈரம் தெரிந்தால் பிரேக் ஆயிலாக இருக்கலாம். அந்தக் காரை நகர்த்தவே கூடாது.

சில சமயம் எதுவுமே செய்யாமலிருப்பதுதான் சிகிச்சை. 2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை கொட்டியது. அத்தகைய வெள்ளத்தில் நின்றுபோகும் காரை மறுபடி ஸ்டார்ட் செய்யத்தான் கை பரபரக்கும். சிலிண்டருக்குள் காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. பிஸ்டனைத் தாங்கும் கம்பி வளைந்து இன்ஜின் பாழாகும். தனியாக இன்ஜின் பாதுகாப்பு எடுக்காவிட்டால் இந்தச் சேதத்துக்கு இன்ஷூரன்ஸ் பணம் கிடைப்பதும் கஷ்டம். சாவியைத் தொடாமல் கயிறு கட்டி இழுத்துச் செல்வது எவ்வளவோ மலிவு.

இப்போது கம்ப்யூட்டரின் புகார்களைப் படிக்கச் சிறு கருவிகள் கிடைக்கின்றன. ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினால் செல்போனில் குறியீடு வந்துவிடும். ஆனால் கருவி சொல்வது வலி இருக்கும் இடத்தைத்தான், வியாதியை அல்ல. 'பி 0171' என்று வந்தால் கலவையில் பெட்ரோல் குறைவு என்று அர்த்தம். விலை உயர்ந்த சென்ஸாரை மாற்றுவதற்கு முன் விரிசல் விட்ட ரப்பர் குழாய் ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பது புத்திசாலித்தனம்.

எல்லைக்கோடும் தெளிவானது. பிரேக், ஸ்டியரிங், ஏர்பேக், ஹைபிரிட் மற்றும் மின்சாரக் கார்களின் ஆரஞ்சு நிற ஒயர்கள்: இவை வீட்டு வைத்தியத்துக்கு அப்பாற்பட்டவை. ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கடியில் படுப்பதும் அப்படியே. சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் வீடு வரை ஓட்டிவிடலாம் என்று நினைக்காமல் அந்த இடத்திலேயே இன்ஜினை நிறுத்த வேண்டும்.

மற்றபடி ஸ்பானரைத் தொடாதவருக்கும் ஒரு வேலை உண்டு. சத்தம் எப்போது வந்தது, எந்த வேகத்தில், பிரேக் போட்டபோதா திரும்பும்போதா என்று நான்கு வரி எழுதிவைப்பது. "ஏதோ சத்தம் வருது" என்று சொல்பவரின் காரில் எந்தப் பாகத்தை வேண்டுமானாலும் மாற்றலாம். நோய்க்குறியைத் துல்லியமாகச் சொல்பவரிடம் தேவையில்லாத பில் நீட்ட மெக்கானிக் கொஞ்சம் யோசிப்பார்.