வேளைக்காரப் படைக்குரிய தகுதிகள்

சோழர் படையமைப்பினை ஆராயப் புகுவார்க்கு ‘வேளைக்காரர்’ என்னும் பெயர் முதற்கண் மயக்கம் தரும். இதனை ‘வேலைக்காரர்’ எனக் கொண்டு ஏவலர் எனப் பொருளுரைத்தல் பொருந்தாது. ளகரம் பெற்ற ‘வேளை’ என்பது உற்ற காலத்தைக் குறிக்கும். அரசற்கு இடர் நேரும் வேளையில் உயிர் கொடுத்தும் காக்க உறுதி பூண்டவரே வேளைக்காரர் என்க. பேராசிரியர் நீலகண்ட சாஸ்திரியாரும் இக்கருத்தினரே. இப்படையிற் புகுவார்க்கு வேண்டப்பட்ட தகுதிகள் யாவை என்பதனை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

முதலாவது, தேர்ந்தெடுக்கப்படுதல். முதலாம் இராசராசன் (985–1014) எடுப்பித்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் ‘சத்திரியசிகாமணித் தெரிந்த வலங்கை வேளைக்காரர்’, ‘பண்டித சோழத் தெரிந்த வில்லிகள்’, ‘சிங்களாந்தகத் தெரிந்த கைக்கோளர்’ முதலாய படைப் பெயர்களைக் குறிக்கின்றன. இவற்றுள் ‘தெரிந்த’ என்பது ஆராய்ந்து எடுத்த எனப் பொருள்படும். ‘தெரிந்து தெளிதல்’ என்னும் குறளதிகாரப் பெயரிலும் தெரிதல் இப்பொருட்டே. எனவே, விரும்பினார் எல்லாரும் இப்படைகளில் இடம்பெற்றிலர் என்பது பெயரளவிலேயே புலனாகும்.

இரண்டாவதாக, ஒரு குடியிற் பிறத்தல் இன்றியமையாத் தகுதியாக இருந்ததோ எனின், அன்று என்போம். பொலன்னறுவைத் தமிழ்க் கல்வெட்டு வேளைக்காரரைக் கூறுமிடத்து வலங்கையர், இடங்கையரோடு வடுகரையும் மலையாளரையும் ஒருங்கு சேர்த்துக் கூறுகின்றது. பிறந்த நாடும் பேசும் மொழியும் வேறாயினும், பூண்ட உறுதியே அவர்களை ஒன்றுபடுத்தியது.

அவ்வுறுதியே மூன்றாவதும் தலையாயதுமான தகுதி. 13ஆம் நூற்றாண்டின் இறுதியிற் பாண்டிநாடு போந்த மார்க்கோ போலோ, அரசன் இறந்தவழி அவனுடைய மெய்க்காவலர் ஈமத்தீயிற் பாய்ந்து உயிர்விடும் வழக்கினைக் குறித்துள்ளார். போசளர் நாட்டிலும் இரண்டாம் வீரவல்லாளன் 1220 அளவில் இறந்தபோது, குவரலட்சுமன் என்னும் தலைவன் தன் மனைவியோடும் வீரரோடும் உயிர் துறந்த செய்தியை அளேபீட்டுக் கல்வெட்டு அறிவிக்கின்றது. படைப்பெயர் வேறாயினும், இவை யாவும் ஒரு மரபினவே.

ஆயின், இவ்வுறுதி எஞ்ஞான்றும் தளராது நின்றதோ? ஈழவேந்தன் முதலாம் விசயபாகு (1055–1110) தன்பாற் பணிபுரிந்த வேளைக்காரரைச் சோழர்மேற் செல்ல ஏவியபோது, அவர்கள் உடன்படாது கிளர்ந்தெழுந்து அரண்மனைக்கும் தீயிட்டனர் என்று சூளவம்சம் கூறுகின்றது. அரசன் அவர்களைக் கடுமையாக ஒறுத்தான். ஆயினும் அவன் மறைவிற்குப் பின்னர்ப் பொலன்னறுவைத் தந்தக்கோயிலைக் காக்கும் பொறுப்பினை ஏற்றவரும் வேளைக்காரரே. தாம் பௌத்தரல்லாராயினும் அப்பள்ளியைக் காப்பதாக அவர்கள் கல்லில் உறுதி பொறித்தனர்.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒருங்கு நோக்குவார்க்கு ஓர் உண்மை விளங்கும். வில்லாற்றலும் வாளாற்றலும் ஆராய்ந்து தெரியத்தக்கன. உள்ளத்துறுதியோ இடர் வரும் வேளையிலன்றித் தெரியவாராது. அவ்வேளையையே தம் பெயராகக் கொண்டமை இப்படையினரின் சிறப்பாகும். அவர்க்கு அமைந்த கடுஞ்சோதனையும் அதுவே.