விடையை ஒப்பிட, முதலில் கேள்வியைப் பாட வேண்டும்

மே, ஜூன் மாதங்களில் இங்கிலாந்துப் பள்ளிகளில் ஜி.சி.எஸ்.இ. தேர்வுகள் நடக்கும். கணக்குத் தேர்வு எழுதிவிட்டு வெளியே வரும் பிள்ளைகள் கேட்பது ஒரே கேள்விதான்: “உனக்கு என்ன விடை வந்தது?” எண் ஒத்துப்போனால் நிம்மதி, இல்லாவிட்டால் வயிற்றைக் கலக்கும். இசைப் பாடத்தின் கேட்டல் தேர்வு முடிந்த அன்று தாழ்வாரத்தில் வேறு மாதிரிச் சத்தம். ஒருத்தி நாலைந்து ஸ்வரங்களை முணுமுணுத்துவிட்டு, “கடைசி ஸ்வரம் ஏறிச்சா, இறங்கிச்சா?” என்கிறாள். பக்கத்தில் நிற்பவன் அதையே சற்று மாற்றிப் பாடுகிறான். இன்னொருவன் சுவரில் தாளம் தட்டிப் பார்க்கிறான். விடையை ஒப்பிட வேண்டுமானால் இங்கே முதலில் கேள்வியையே பாடிக் காட்டியாக வேண்டும்.

காரணம் எளிது. கேள்வி காற்றோடு போய்விட்டது.

பதினாறு வயதுப் பிள்ளைகள் எழுதும் இந்த இசைப் பாடத்துக்கு மூன்று பகுதிகள். பாடியோ வாசித்தோ காட்டுவதற்கு 30 சதவீதம், சொந்தமாக இசையமைப்பதற்கு 30 சதவீதம், மீதி 40 சதவீதம் கேட்டல் தேர்வுக்கு. 2016-ல் தொடங்கிய பாடத்திட்டப்படி எடெக்செல் என்ற தேர்வு வாரியத்தின் கேட்டல் தேர்வு ஒன்றே முக்கால் மணி நேரம், 80 மதிப்பெண். தேர்வறையில் ஒலிப்பதிவு ஓடும். ஒரு துண்டு இத்தனை தடவை ஒலிக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். நடுவே எழுதுவதற்குச் சிறிது இடைவெளி உண்டு. யாரும் பின்னுக்கு ஓட்டிக் கேட்க முடியாது. யாராவது இருமினால் இருமியதுதான். கேள்வியும் விடையும் ஒரே புத்தகத்தில் இருப்பதால் கடைசியில் அதையும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். வெளியே வரும் பிள்ளையின் கையில் ஒன்றும் இல்லை. காதில் மிச்சமிருப்பதுதான் எல்லாம்.

அந்த மிச்சம் எவ்வளவு நேரம் தாங்கும்? அமெரிக்க உளவியலாளர் டயானா டாய்ச் 1970-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு விடை தருகிறது. ஒரு ஸ்வரத்தை ஒலிக்கவிட்டு, சில நொடி கழித்து இன்னொன்றை ஒலிக்கவிட்டு, இரண்டும் ஒன்றா என்று கேட்டார். இடையில் யாரோ எண்களைச் சொல்லிக்கொண்டிருந்தால், கேட்டவர்கள் ஏறக்குறைய தடுமாறவே இல்லை. அதே இடைவெளியில் வேறு ஸ்வரங்கள் ஒலித்தபோதோ, அவற்றைப் பொருட்படுத்த வேண்டாம் என்று சொல்லியிருந்தும்கூட, தவறுகள் மளமளவென்று கூடின. பேச்சு ஸ்வரத்தை அழிப்பதில்லை. ஸ்வரம்தான் ஸ்வரத்தை அழிக்கிறது. கேட்டல் தேர்வோ முதலிலிருந்து கடைசி வரை ஒன்றன்மேல் ஒன்றாக இசையை ஏற்றிக்கொண்டே போகிறது. முதல் கேள்வியின் மெட்டை எட்டாவது கேள்விக்குப் பிறகும் சரியாகப் பாடிக் காட்டுகிற பிள்ளையை மெச்சத்தான் வேண்டும்.

இதே எடெக்செல் பாடத்திட்டம் எட்டுப் படைப்புகளை முன்கூட்டியே படித்துவரச் சொன்னது. பாக், பீத்தோவன், பர்சல் ஆகியோரோடு குவீன் குழுவின் ‘கில்லர் குவீன்’, ‘ஸ்டார் வார்ஸ்’ படத்துக்கு ஜான் வில்லியம்ஸ் அமைத்த இசை எல்லாம் அதில் உண்டு. பாக்கின் ஐந்தாவது பிராண்டன்பர்க் கான்செர்ட்டோவின் மூன்றாம் பகுதியை எடுத்துக்கொள்வோம். 1721-ல் பிராண்டன்பர்க் பிரபுவுக்குக் காணிக்கையாக அனுப்பிய ஆறு கான்செர்ட்டோக்களில் ஒன்று அது. முதலில் வயலின் மட்டும் தனியாகத் துள்ளித் தொடங்கும், அதே மெட்டைப் பிடித்துக்கொண்டு புல்லாங்குழல் வந்து சேரும், பிறகு ஹார்ப்சிகார்ட். இதன் தாளம் என்ன? ஒரு பிள்ளை 2/4 என்பாள், இன்னொருவன் 6/8 என்பான். அச்சிட்ட இசைத்தாளில் இருப்பது 2/4. ஆனால் ஒவ்வோர் அடிக்குள்ளும் மூன்று மூன்றாகவே ஸ்வரங்கள் விழுகின்றன. நம் வழக்கில் சொன்னால் திஸ்ர நடை. காதுக்கு அது 6/8 ஆகத்தான் கேட்கும். ஒருத்தி தாளை நினைவு வைத்திருந்தாள், ஒருவன் காதை நம்பினான். இரண்டு பேரும் தாளம் தட்டிப் பார்த்துக்கொண்டால் ஒரே இடத்தில்தான் தட்டுவார்கள். அப்படித் தட்டிப் பார்க்கிற அந்த அரை நிமிடத்தில் அவர்களுக்குப் புரிவதை, கரும்பலகையில் எழுதிப் புரியவைக்க நேரம் பிடிக்கும்.

எல்லாச் சண்டையும் இப்படிச் சமரசத்தில் முடிவதில்லை. ஒரு வரியின் முடிப்பை ‘கேடன்ஸ்’ என்பார்கள். ‘பெர்ஃபெக்ட்’ வகையில் இசை ஆதார சுருதிக்கு வந்து அமர்ந்துவிடும். ‘இம்பெர்ஃபெக்ட்’ வகையில் பஞ்சமத்தின் மேல் எழும் ஸ்வரக்கூட்டில் நின்றுவிடும், இன்னும் ஏதோ பாக்கி இருப்பது போலிருக்கும். இதில் ஒரு விடைதான் சரி. ஒலித்த வாத்தியம் ஓபோவா கிளாரினெட்டா, ஸ்வர வரிசை மேஜரா மைனரா என்பதிலும் அப்படித்தான். வெளியே வந்ததும் யார் குரல் உரக்க ஒலிக்கிறதோ அவர் சொல்வது மற்றவர்களின் நினைவையும் திருத்திவிடும் ஆபத்து இருக்கிறது. “மைனர்தான், சந்தேகமே இல்லை” என்று ஒருவன் அடித்துச் சொன்னால், மேஜர் என்று சரியாக எழுதிய பிள்ளைகூடச் சற்று நேரத்தில் மைனராகவே கேட்டதாக நம்பத் தொடங்கும். முடிந்ததைக் கிளறாமல் அடுத்த தேர்வைப் பாருங்கள் என்று ஆசிரியர்கள் விரட்டுவது இதனாலும்தான். அந்த அக்கறை நியாயமானது. ஆனாலும் இசைத் தேர்வில் இந்தக் கூடிப்பேச்சைத் தடுப்பது நஷ்டம். சொல்லால் வாதாடினால் உரத்த குரல் ஜெயிக்கும். பாடிக் காட்டி வாதாடினால், பாடுகிற தொண்டையே உண்மையைச் சொல்லிவிடும். முடியாத மெட்டை முடிந்ததாகப் பாட வராது.

ஒரே ஒலியை இரண்டு பேர் எதிரெதிராகக் கேட்பதும் சாத்தியம். அதே டாய்ச் 1986-ல் கணினியில் ஒலி ஜோடிகளை உருவாக்கினார். என்ன ஸ்வரம் என்று தெரியும், எந்த ஸ்தாயி என்று தெரியாது. இரண்டுக்கும் நடுவே சரியாக அரை ஸ்தாயி இடைவெளி. சிலருக்கு அது ஏறுவதாகக் கேட்டது, சிலருக்கு இறங்குவதாக. சங்கீதம் படித்தவர்களும் இதில் ஒத்துப்போகவில்லை. பிறகு 1991-ல், கலிபோர்னியாவில் வளர்ந்தவர்களையும் தென் இங்கிலாந்தில் வளர்ந்தவர்களையும் ஒப்பிட்டபோது, ஒரு சாரார் ஏறுவதாகக் கேட்ட ஜோடியை மறு சாரார் இறங்குவதாகக் கேட்கும் போக்கு தெரிந்தது. சிறு வயதில் சுற்றிலும் கேட்ட பேச்சின் சுருதியே காரணமாக இருக்கலாம் என்பது அவர் கருத்து. பள்ளித் தேர்வில் இந்த மாதிரி ஒலியை வைப்பதில்லை. ஆனால் “எனக்கு அப்படித்தான் கேட்டது” என்று கண்கலங்கும் பிள்ளையை யாரும் சட்டென்று பொய்க்காரி ஆக்கிவிடக் கூடாது என்பதற்கு இது போதும்.

கேட்டு வளர்ந்தது என்று சொல்லும்போது லண்டன் தமிழ்ப் பிள்ளைகளை விட்டுவிட முடியாது. வார இறுதியில் பாட்டும் மிருதங்கமும் பயிலும் பிள்ளைகள் அங்கே நிறைய. எடெக்செல்லின் முந்தைய பாடத்திட்டத்தில் படிக்க வேண்டிய 12 படைப்புகளில் தேஷ் ராகம் ஒன்று. ஏ.க்யூ.ஏ. என்ற இன்னொரு தேர்வு வாரியம் பீட்டில்ஸின் 1967 ‘சார்ஜென்ட் பெப்பர்’ ஆல்பத்திலிருந்து எடுத்து வைத்த பாடல்களில் ஜார்ஜ் ஹாரிசனின் ‘வித்தின் யூ வித்தவுட் யூ’வும் உண்டு, தம்புரா, தில்ருபா, தபலா மூன்றும் அதில் ஒலிக்கும். வகுப்பில் மற்றவர்களுக்குப் புதிதாக இருக்கும் தம்புராவின் மீட்டல், இந்தப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவுக்கு முன்பே பழகிய ஒலி. அன்றைய கூடிப்பேச்சில் அவர்கள் சொல்வதற்கு எல்லாரும் காது கொடுப்பார்கள்.

எடெக்செல் தாளின் கடைசிக் கேள்வி 12 மதிப்பெண் கட்டுரை. படித்த படைப்பின் ஒரு துண்டையும் அதுவரை கேட்டிராத ஒன்றையும் ஒலிக்கவிட்டு, இரண்டையும் ஒப்பிட்டு மதிப்பிடச் சொல்வார்கள். வெளியே வந்ததும் பிள்ளைகள் அதிகம் பதறுவது இதைப் பற்றித்தான். “நீ தாளத்தைப் பற்றி எழுதினாயா? நான் வாத்தியங்களைப் பற்றித்தான் எழுதினேன்!” பதற்றம் தேவையில்லாதது. திருத்துபவர் எதிர்பார்ப்பது ஒரே விடையை அல்ல. கேட்டதை எடுத்துக்காட்டோடு சொல்லி, அது ஏன் அப்படி அமைந்தது என்று காரணம் காட்டினால் போதும். வேறு வேறு சங்கதிகளைப் பிடித்த இரண்டு கட்டுரைகளும் நல்ல மதிப்பெண் பெறலாம்.

தரநிலை ஆகஸ்டில் வரும்: 9 முதல் 1 வரை ஏதோ ஓர் எண். அதில் எந்தத் துண்டில் காது வழுக்கியது என்று தெரியாது. ஆனால் தேர்வுத் தாளும் ஒலிப்பதிவும் விடைக்குறிப்பும் பின்னர் பள்ளிகளுக்குக் கிடைக்கின்றன. அடுத்த ஆண்டுப் பிள்ளைகள் அதை வைத்துத்தான் பயிற்சி எடுக்கிறார்கள். ஒலிக்கவிட்டு, தனித்தனியே எழுதவைத்து, விடைக்குறிப்பைக் காட்டுவதற்கு முன் பத்து நிமிடம் பாடிச் சண்டைபோட விடலாம். பிறகு அதே துண்டை எல்லாரும் மறுபடி கேட்கலாம். அண்ணன்மார்க்கும் அக்காமார்க்கும் தாழ்வாரத்தில் கிடைக்காத வசதி அது.