'103/17' - மீசை வைத்த போர் விமானத்தின் ஜாதகம்!

மூன்று அடுக்கு இறக்கைகள். மூக்கில் இரண்டு கண்கள், கீழே ஒரு மீசை! முதல் உலகப்போர் காலத்து ஜெர்மன் விமானத்தின் கறுப்பு வெள்ளை போட்டோ இது. பார்த்தால் கார்ட்டூன் மாதிரி இருக்கும். ஓட்டிய வெர்னர் வோஸுக்கு வயது 20. 1917 செப்டம்பர் 23 அன்று பெல்ஜியம் வானில் பிரிட்டிஷ் விமானங்களுடன் தனி ஆளாக மோதி இறந்துபோனார். அவர் புதைக்கப்பட்ட இடம் இன்றுவரை தெரியவில்லை. மிச்சம் இருப்பது சில போட்டோக்களும், '103/17' என்ற எண்ணும்தான்.

வண்டி நம்பரைப் பார்த்தே எந்த ஊர் என்று சொல்லிவிடுகிறோம் இல்லையா, அப்படித்தான் இதுவும். முதலில் தயாரிப்பாளர் பெயர். பிறகு விமானத்தின் வகையைச் சொல்லும் எழுத்து. 'டி' என்றால் ஒருவர் மட்டும் அமரும் சண்டை விமானம். 'சி' என்றால் துப்பாக்கியுடன் இருவர் செல்வது. 'ஜி' பெரிய குண்டுவீச்சு விமானம், 'ஆர்' அதைவிட ராட்சதம்! அடுத்து வரும் ரோமன் எண், அந்தத் தயாரிப்பாளரின் எத்தனையாவது மாடல் என்பதைச் சொல்லும். கடைசியில் வரிசை எண், சாய்கோடு, ஆர்டர் கொடுத்த ஆண்டு. 'ரெட் பேரன்' ரிக்டோஃபன் 1918 ஏப்ரல் 21 அன்று கடைசியாக ஓட்டியது 425/17.

கேட்க ஈஸிதான். ஆனால் பழைய போட்டோக்களில் அந்த எண்ணுக்கு முன்னால் சரியாக ஒருவர் நின்று போஸ் கொடுத்துக்கொண்டிருப்பார்! இல்லையென்றால் விமானி தன் இஷ்டத்துக்கு அடித்த பெயின்ட் அதை மறைத்திருக்கும்.

அப்போது கைகொடுப்பது சிலுவைச் சின்னம். நுனி அகன்று விரிந்திருந்த சிலுவையை நேர்கோட்டுச் சிலுவையாக மாற்றச் சொல்லி 1918 மார்ச்சில் உத்தரவு வந்தது. நேர்கோட்டுச் சிலுவை தெரிந்தால் போட்டோ அதற்குப் பிறகு எடுத்தது எனலாம். விமானமும் அப்போது செய்ததுதான் என்று மட்டும் முடிவுகட்டக் கூடாது. பழைய விமானங்களிலும் அதை மாற்றி வரைந்தார்கள். ஃபோக்கர் டி 7 விமானத்தை மூன்று தொழிற்சாலைகள் தயாரித்தன. இன்ஜின் மூடியில் காற்று போக விட்ட கீற்றுகளின் அமைப்பை வைத்தே, எங்கே செய்தது என்று சொல்லிவிடுகிறார்கள்.

பெரிய தலைவலி, நிறம். அன்று பரவலாக இருந்த ஆர்த்தோகுரோமாட்டிக் ஃபிலிமுக்கு சிவப்பு ஒளியே தெரியாது. அதனால் சிவப்பு பெயின்ட் கறுப்பாகவும், நீலம் வெளுத்தும் பதிவாகும். மஞ்சள்கூட இருண்டுபோகும். கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கலர் கொடுக்கும் ஆப் உங்கள் போனில் இருக்கலாம். அது போடுவது வெறும் ஊகம்தான், நம்பிவிடாதீர்கள்!

நேரில் போய்ப் பார்த்து முடிவு செய்யலாமே என்றால், அதற்கும் வழியில்லை. 320 ஃபோக்கர் மூன்றடுக்கு விமானங்கள் தயாரானதாகக் கணக்கு. ஒன்றுகூட முழுசாக இன்று இல்லை. ரிக்டோஃபன் ஓட்டிய இன்னொரு விமானமான 152/17 பெர்லின் மியூசியத்தில் இருந்தது. இரண்டாம் உலகப்போரில் அதுவும் அழிந்துவிட்டது. மியூசியங்களிலும் விமானக் கண்காட்சிகளிலும் இன்று நாம் பார்ப்பதெல்லாம் மாதிரிகளே. அவற்றுக்கு என்ன நிறம் அடிப்பது என்பதைக்கூட இந்தப் போட்டோக்களை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

வோஸின் விமான மூக்கு மஞ்சள் என்கிறது ஒரு தரப்பு. அவருடைய படைப்பிரிவின் நிறம் அது. இல்லை, கரும்பச்சை என்கிறது இன்னொரு தரப்பு. படத்தில் இரண்டுமே ஒரே மாதிரி இருட்டாகத்தான் விழும். கண்ணும் மீசையும் மட்டும் பளிச்சென்று தெரிகின்றன.