உங்களுக்குத் தெரியுமா? நகலுக்கு யார் பச்சை மையில் கையெழுத்துப் போடுவது?

மனசை அப்படியே வழித்தெடுத்துக் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டால் சாவே கிடையாது என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். ‘மைண்ட் அப்லோடிங்’ என்று அதற்குப் பெயர். அந்த ஆசையைச் சுற்றிச் சேர்ந்த துணுக்குகள் இவை.

● கம்ப்யூட்டரிலிருந்து ஒரு ஃபைலை பென் டிரைவுக்கு ‘கட்-பேஸ்ட்’ செய்தால், ஃபைல் எழுந்து அங்கே நடந்து போவதில்லை. முதலில் பென் டிரைவில் ஒரு நகல் எழுதப்படும். எழுதி முடிந்ததும் பழையது அழிக்கப்படும். திரையில் தெரிவது குடிமாற்றம். உள்ளே நடப்பது ஒரு பிறப்பும் ஒரு சாவும். மனசை இயந்திரத்துக்கு மாற்றுவதில் உள்ள வம்பு முழுக்க இதற்குள் இருக்கிறது.

● சீனோராப்டிடிஸ் எலிகன்ஸ் என்றொரு புழு. நீளம் ஒரு மில்லிமீட்டர், நரம்பு செல்கள் மொத்தம் 302. எந்த நரம்பு எதோடு சேர்கிறது என்ற முழு வரைபடத்தை 1986-லேயே கேம்பிரிட்ஜில் சிட்னி பிரென்னர் குழுவினர் வெளியிட்டுவிட்டார்கள். பத்து வருஷத்துக்கும் மேலான உழைப்பு. ஆனால் இன்றுவரை அந்தப் புழுவை முழுசாகக் கம்ப்யூட்டருக்குள் உயிர்ப்பிக்க முடியவில்லை. 2014-இல் அதன் நரம்பு இணைப்புகளை ஒரு லெகோ ரோபோவுக்குள் ஏற்றிப் பார்த்தார்கள். எதிரே தடை வந்தால் அது பின்வாங்கியது, அவ்வளவுதான். வீட்டின் வயரிங் படம் கையில் இருந்தாலும், எந்த சுவிட்ச் ஆன், ஃபேன் எத்தனையாம் நம்பரில் ஓடுகிறது என்பது அதில் இருக்காதே!

● கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது. ஹார்வர்டும் கூகுளும் சேர்ந்து 2024-இல் மனித மூளையில் ஒரு கன மில்லிமீட்டரை, கிட்டத்தட்ட ஒரு கடுகளவை, படம்பிடித்து வரைந்தார்கள். அதை மட்டும் சேமிக்கத் தேவைப்பட்ட இடம் 1,400 டெராபைட். அந்தக் கடுகுக்குள் சுமார் 57,000 செல்கள், 15 கோடி இணைப்புகள். முழு மூளையில் இருக்கும் நரம்பு செல்கள் ஏறத்தாழ 8,600 கோடி.

● இந்த வரைபடத்தை எடுக்க, மூளைத் திசுவைத் தலைமுடியைவிட ஆயிரக்கணக்கான மடங்கு மெல்லிய சீவல்களாகச் சீவ வேண்டும். வாழைக்காய் சிப்ஸ் சீவிய பிறகு வாழைக்காயைத் திரும்பக் கேட்க முடியுமா? 2018-இல் நெக்டோம் என்ற அமெரிக்க கம்பெனி, எதிர்காலத்தில் மனசை மீட்பதற்காக மூளையை இப்போதே பதப்படுத்தித் தருவதாக அறிவித்தது. முன்பதிவுக் கட்டணம் 10,000 டாலர். செய்துகொள்பவர் நூற்றுக்கு நூறு இறந்துபோவார் என்பதை அவர்களே ஒளிக்காமல் சொன்னார்கள். அந்த நேர்மையையாவது பாராட்டலாம்.

● கூடு விட்டுக் கூடு பாய்ந்தால் என்ன சிக்கல் வரும் என்பதைப் பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே சேக்கிழார் பெரியபுராணத்தில் சொல்லிவிட்டார். கயிலையிலிருந்து அகத்தியரைப் பார்க்கப் புறப்பட்ட சிவயோகி ஒருவர், காவிரிக் கரையில் சாத்தனூர் இடையன் மூலன் செத்துக் கிடப்பதையும், பசுக்கள் அவனைச் சுற்றிச்சுற்றிக் கதறுவதையும் பார்க்கிறார். மனசு கேட்கவில்லை. தன் உடம்பைப் பத்திரமாக ஓரிடத்தில் வைத்துவிட்டு மூலன் உடம்புக்குள் நுழைகிறார். பசுக்களுக்கு ஆனந்தம். நக்கிக்கொடுத்து, முகர்ந்து பார்த்து, மேயக் கிளம்பிவிடுகின்றன. அவற்றைப் பொறுத்தவரை மூலன் எழுந்துவிட்டான், கதை முடிந்தது.

மாலையில் மாடுகள் வீடு திரும்ப, பின்னாலேயே போகிறார். ஆளைக் காணோமே என்று மூலன் மனைவி தேடிக் கிளம்பி, அவர் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்கிறாள். தொட வருகிறாள். உனக்கும் எனக்கும் ஒரு உறவும் இல்லை என்று அவர் விலகிப் போய்விடுகிறார். அந்தப் பெண் விடவில்லை. மறுநாள் ஊர்ப் பெரியவர்களிடம் முறையிடுகிறாள். அதே முகம், அதே கை கால். உள்ளே இருப்பது யார் என்று மட்டும் அவளுக்குப் புரியவில்லை. யோகி திரும்பிப் போய்ப் பார்த்தால் வைத்த இடத்தில் தன் உடம்பைக் காணோம். இனி மூலன் உடம்புதான் நிரந்தர விலாசம். அவர்தான் திருமூலர், திருமந்திரம் பிறந்தது அந்த இரவல் கையால். நாம் எல்லோரும் திருமூலரைக் கொண்டாடுகிறோம், சரி. எனக்கு எப்போதும் அந்தப் பெயர் தெரியாத மனைவியின் கேள்விதான் உறுத்தும்.

● இதே கேள்வியை 1694-இல் ஜான் லாக் ஒரு இளவரசனையும் ஒரு செருப்புத் தைப்பவரையும் வைத்துக் கேட்டார். இளவரசனின் நினைவுகள் செருப்புத் தைப்பவர் உடம்புக்குள் போனால் அந்த ஆள் யார்? நினைவு எங்கே போகிறதோ ஆளும் அங்கேதான் என்பது லாக்கின் தீர்ப்பு. ஊராருக்கு மட்டும் அவர் பழைய செருப்புக்காரராகவே தெரிவார் என்பதையும் ஒப்புக்கொண்டார்.

● திருமூலர் கதையில் இல்லாத ஒரு தொல்லை இயந்திரத்தில் உண்டு. யோகி போனபின் பழைய உடம்பு காலி. கம்ப்யூட்டரில் நகல் எடுத்தால் இரண்டு பேருமே விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்! டெரெக் பார்ஃபிட் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி 1984-இல் வந்த தன் புத்தகத்தில், ஒருவரை ஸ்கேன் செய்து செவ்வாய்க் கிரகத்தில் மறுபடி உருவாக்கும் இயந்திரத்தைக் கற்பனை செய்தார். செவ்வாயில் இருப்பவரும் ‘நான்தான் நான்’ என்பார், பூமியில் மிச்சம் இருப்பவரும் அதையே சொல்வார். ‘எது நான்’ என்ற கேள்வியே முக்கியமில்லை, நினைவும் குணமும் தொடர்கிறதா என்பதே முக்கியம் என்று பார்ஃபிட் முடித்தார். பூமியில் மிச்சம் இருப்பவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

நம் ஊரில் ஒரு காலத்தில் நகலின் மேல் ‘உண்மை நகல்’ என்று முத்திரை குத்தி, கெஜட்டட் ஆபீசர் பச்சை மையில் கையெழுத்துப் போட்டாக வேண்டியிருந்தது. போட்டாலும் கவுன்ட்டரில் இருப்பவர், “ஒரிஜினல் எங்கே சார்?” என்றுதான் கேட்பார்.

● உடம்பில் உள்ள செல்லெல்லாம் ஏழு வருஷத்துக்கு ஒருமுறை மாறிவிடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது உண்மையில்லை. தோலும் குடலின் உட்பூச்சும் மாறும். மூளைப் புறணியின் நரம்பு செல்கள் பெரும்பாலும் உங்கள் வயதேதான்.

● கம்பளிப்புழு கூட்டுக்குள் போனால் உடம்பையே கரைத்துக்கொண்டு அந்துப்பூச்சியாக வருகிறது. ஆனாலும் நினைவு தப்பிப் பிழைக்கிறது! ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் ஒரு வாசனையோடு மின் அதிர்ச்சி கொடுத்துப் புழுக்களைப் பழக்கினார்கள். வளர்ந்த புழுவாகப் பழகியவை, பூச்சியான பிறகும் அந்த வாசனையைக் கண்டு ஒதுங்கின. 2008-இல் வெளியான ஆய்வு இது. கூடு விட்டுக் கூடு பாய்வதில் பூச்சிக்குத்தான் நம்மைவிட அனுபவம்.

● நினைவே ஆள் என்றால் கிளைவ் வேரிங் யார்? 1985-இல் மூளையைத் தாக்கிய வைரஸ் காய்ச்சலுக்குப் பின், இந்த பிரிட்டிஷ் இசைக்கலைஞருக்கு எந்தப் புது நினைவும் அரை நிமிஷத்துக்கு மேல் தங்கவில்லை. இப்போதுதான் முதல்முறையாக விழித்தேன் என்று டைரியில் எழுதுவார். சற்றுக் கழித்து அதை அடித்துவிட்டு மறுபடி அதையே எழுதுவார். ஆனால் பியானோ முன் உட்கார்ந்தால் விரல்கள் தடுமாறவில்லை. மனைவி அறைக்குள் வரும் ஒவ்வொரு முறையும், பல வருஷம் கழித்துப் பார்ப்பதுபோல் ஓடிவந்து கட்டிக்கொண்டார்.

● 1998-இல் மூளை விஞ்ஞானி கிறிஸ்டோஃப் கோச், தத்துவவாதி டேவிட் சால்மர்ஸுடன் ஒரு பந்தயம் கட்டினார்: மூளை எப்படி உணர்வை உண்டாக்குகிறது என்பது 25 வருஷத்தில் தெரிந்துவிடும். 2023 ஜூனில், நியூயார்க்கில், மேடையிலேயே தோல்வியை ஒப்புக்கொண்டு சால்மர்ஸுக்கு வைன் கொடுத்தார். கையோடு இன்னொரு 25 வருஷத்துக்கு அதே பந்தயத்தைக் கட்டினார். கெடு முடியும்போது கோச்சுக்கு வயது 91.