விருந்தாளிப் பறவைகளை விரட்டாமல் படம் பிடிப்பது எப்படி?

சிங்கப்பூரில் இலையுதிர்காலம் கிடையாது. ஆண்டு முழுவதும் வெயிலும் மழையும்தான். ஆனாலும் வடக்கே சைபீரியாவிலும் அலாஸ்காவிலும் குளிர் இறங்கிவிட்டது என்பதை இங்கிருந்தபடியே தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. அக்டோபர், நவம்பர் மாதங்களில் ஒரு காலைப் பொழுதில் கிராஞ்சிக்கு அருகேயுள்ள சுங்கை பூலோ சதுப்பு நிலத்துக்குப் போய்ப் பார்த்தால் போதும். சேற்றில் நூற்றுக்கணக்கான பறவைகள் இரை தேடிக்கொண்டிருக்கும். அவற்றில் பல, சில மாதங்களுக்கு முன்பு வடதுருவத்தை ஒட்டிய சமவெளிகளில் முட்டையிட்டுக் குஞ்சு பொரித்தவை.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். இந்த விருந்தாளிகளோ செப்டம்பரில் வரத் தொடங்கி மார்ச் வரை இருக்கிறார்கள். சில பறவைகள் இங்கேயே தங்கிவிடும். சில, களைப்பாறி இரை தின்றுவிட்டு ஆஸ்திரேலியாவை நோக்கிப் பயணத்தைத் தொடரும்.

எங்கிருந்து வருகின்றன?

அலாஸ்கா, ரஷ்யா தொடங்கி ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வரை நீளும் இந்த வான்வழிக்குக் கிழக்காசிய - ஆஸ்திரேலேசியப் பறவை வழி என்று பெயர். 22 நாடுகளைத் தொட்டுச் செல்லும் இவ்வழியை 5 கோடிக்கும் மேற்பட்ட நீர்ப்பறவைகள் பயன்படுத்துகின்றன.

சுங்கை பூலோவில் எளிதாக அடையாளம் காணக்கூடியது பவளக்காலி. பெயருக்கு ஏற்றபடி கால்கள் சிவப்பாக இருக்கும். கீழ்நோக்கி வளைந்த நீண்ட அலகோடு நடப்பது சிறிய கோட்டான். சிறு ஓட்டம் ஓடி, சட்டென்று நின்று, குனிந்து கொத்துவது பசிபிக் பொன்னிற உப்புக்கொத்தி.

சிங்கப்பூரில் குளிர்காலத்தைக் கழித்த பவளக்காலிகள், கோட்டான்கள் சிலவற்றின் உடலில் சிறு கருவிகளைப் பொருத்தி ஆய்வாளர்கள் பின்தொடர்ந்தார்கள். அந்த ஆய்வு 2020ஆம் ஆண்டு வெளியானது. அவற்றுள் சில நேராக இமயமலையைத் தாண்டிப் பறந்தது தெரியவந்தது. பவளக்காலிகள் சென்று சேர்ந்த இடம் திபெத் பீடபூமி. கையில் அடங்கிவிடும் அளவுள்ள ஒரு பறவை, உலகின் மிக உயரமான மலைத்தொடரைக் கடந்து போகிறது என்றால் அது சாதாரணமான காரியமா?

இந்த இடம் தப்பிய கதை

இன்று இப்பறவைகள் இறங்கும் இந்த நிலம் ஒரு காலத்தில் இறால் குளங்களாக இருந்தது. பின்னர் வேளாண் தொழில்நுட்பப் பூங்கா அமைக்க ஒதுக்கப்பட்டது. 1986ல் பறவை ஆர்வலர்கள் சிலர் இங்கு வந்து போகும் பறவைகளைக் கண்டு வியந்தனர். மலாயா இயற்கைச் சங்கத்தின் சிங்கப்பூர்க் கிளை, இந்த இடத்தைக் காப்பாற்றுமாறு அரசாங்கத்திடம் கேட்டுக்கொண்டது. கோரிக்கை ஏற்கப்பட்டது. 1993 டிசம்பரில் இயற்கைப் பூங்காவாகத் திறக்கப்பட்ட இவ்விடம், 2002ல் 130 ஹெக்டர் பரப்புள்ள பாதுகாக்கப்பட்ட இயற்கை வனப்பகுதியாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது. சும்மா பறவை பார்க்கப் போனவர்களால் இவ்வளவு நடந்திருக்கிறது.

எப்போது போவது?

விடிந்ததும் போனால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். வெளிச்சத்துக்கு அது சரி. ஆனால் கரைப்பறவைகள் பார்ப்பது கடலின் ஏற்ற இறக்கத்தைத்தான்.

கடல் நீர் வற்றும்போது ஜோகூர் நீரிணை ஓரமாகச் சேற்றுப்பரப்பு வெளிப்படும். அப்போது பறவைகள் அங்கே பரவிச் சென்று புழுவும் நண்டும் தின்னும். நீர் ஏறியதும் அந்த இடம் மூழ்கிவிடும். உடனே அவை கூட்டமாகச் சுங்கை பூலோவின் உட்குளங்களுக்கு வந்து ஓய்வெடுக்கும். மதகுகளைக் கொண்டு குளங்களின் நீர்மட்டம் கட்டுப்படுத்தப்படுவதால், கடல் ஏறிய நேரத்திலும் அங்கே நிற்க இடம் இருக்கும். எனவே, நீர் ஏறும் நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொண்டு, மறைந்திருந்து பார்ப்பதற்காகக் கட்டப்பட்டுள்ள மரக்குடில்களில் காத்திருப்பவர்களுக்குப் பறவைகளே அருகில் வந்து காட்சி தரும்.

ஒரு தடவை எழுப்பினால் என்ன குறைந்துவிடும்?

பறவைக் கூட்டம் மொத்தமாக எழும்பிப் பறக்கும் படம் அழகாகத்தான் இருக்கும். அதற்காகக் கை தட்டுவோரும், கிட்ட ஓடுவோரும் உண்டு. “பறவைதானே, பறந்துவிட்டுத் திரும்பி வந்து உட்காரும்” என்று சமாதானமும் சொல்வார்கள்.

அந்தப் பறவையின் கணக்கு வேறு. அதன் நீண்ட பயணத்துக்கு எரிபொருள் உடலில் சேர்த்துவைத்திருக்கும் கொழுப்பு. சில கரைப்பறவைகள் புறப்படுவதற்கு முன்பு தங்கள் எடையை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கிக்கொள்கின்றன. 2022 அக்டோபரில் பட்டைவால் மூக்கன் என்னும் பறவை ஒன்று அலாஸ்காவிலிருந்து ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா வரை, 11 நாள்கள் எங்கும் இறங்காமல், 13,560 கிலோமீட்டர் பறந்தது. முழுப் பயணத்துக்கும் உதவியது சேமித்த கொழுப்புதான்.

நவம்பரில் இங்கு இறங்கும் பறவை அந்தச் சேமிப்பைச் செலவழித்துவிட்டு இளைத்து வந்திருக்கலாம். இரை தேட அதற்குக் கிடைப்பது நீர் வற்றியிருக்கும் சில மணி நேரம் மட்டுமே. மீதி நேரம் ஓய்வு. அந்த ஓய்விலும் ஒருவர் மாற்றி ஒருவர் எழுப்பிவிட்டால் தின்றதெல்லாம் பறப்பதிலேயே கரைந்துவிடும். ஏற்கெனவே, இவ்வழியில் முக்கியத் தங்குமிடமான மஞ்சள் கடலோரச் சேற்றுநிலங்களில் பாதிக்கும் மேற்பட்டவை கடந்த ஐம்பது ஆண்டுகளில் அழிந்துவிட்டன. மிச்சமுள்ள இடங்களிலாவது அவை நிம்மதியாக இருக்க வேண்டாமா?

பறவை தன் அச்சத்தைச் சொல்லாமல் இருப்பதில்லை. இரை தேடுவதை நிறுத்தித் தலையை உயர்த்தினால் முதல் எச்சரிக்கை. பவளக்காலி உடலை மேலும் கீழுமாக அசைத்துக் கூவத் தொடங்கினால் மிகவும் நெருங்கிவிட்டதாகப் பொருள். அந்த நேரத்தில் இரண்டடி பின்வாங்குவதுதான் நல்ல படக்காரருக்கு அழகு.

கேமராவைக் கையாளும்போது

குளிர்சாதன அறையிலிருந்து எடுத்துவந்த கேமராவை உடனே வெளியே எடுத்தால் லென்ஸ் முழுவதும் பனி படர்ந்துவிடும். பைக்குள்ளேயே அரை மணி நேரம் வைத்திருந்து வெளிச்சூட்டுக்குப் பழகவிட வேண்டும். தொலைவிலிருந்து எடுக்க 400 மில்லிமீட்டர் லென்ஸ் உதவும். அது இல்லாதவர்கள் இருகண் நோக்கியின் ஒரு கண்ணில் கைத்தொலைபேசியைப் பொருத்தி எடுத்துப் பார்க்கலாம். பறக்கும் பறவைக்கு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அல்லது அதைவிடக் குறைந்த நேரமே ஷட்டர் திறந்திருக்க வேண்டும். மதியத்துக்குமேல் மழை வரக்கூடிய பருவம் என்பதால் கேமராவை மூடப் பிளாஸ்டிக் உறை ஒன்று பையில் இருப்பது நல்லது.

இரை போட்டு எடுக்கும் படம்

அரிய பறவை ஒன்று வந்திருக்கிறது என்று சமூக ஊடகத்தில் செய்தி பரவினால், மறுநாளே அங்கு முக்காலிகள் வரிசையாக நிற்கும். பறவையை வெளியே வரவழைக்கச் சிலர் புழுக்களைத் தூவுவார்கள். சிலர் பதிவுசெய்த குரலை ஒலிக்கவிடுவார்கள். மீன் மிதக்க வேண்டும் என்பதற்காக அதன் உடலுக்குள் நுரைப்பஞ்சைச் செருகி, மீன்பிடிக் கழுகுக்கு முன்னே போட்ட செயல் சிங்கப்பூரில் நீதிமன்றம் வரை சென்றதுண்டு.

2020 ஜூன் மாதம் நடப்புக்கு வந்த வனவிலங்குச் சட்டத்தின்படி, அனுமதியின்றி வனவிலங்குகளுக்கு உணவளிப்பது குற்றம். முதல் முறை 5,000 வெள்ளி வரையிலும், மீண்டும் செய்தால் 10,000 வெள்ளி வரையிலும் அபராதம் விதிக்கப்படலாம். சட்டத்துக்குப் பயந்து மட்டும் இதைத் தவிர்க்க வேண்டியதில்லை. மனிதரைக் கண்டால் இரை கிடைக்கும் என்று பழகிவிட்ட பறவை, தீங்கு செய்ய வரும் மனிதரிடமும் அப்படியே வந்து நிற்கும்.

பறவைகள் மட்டுமா?

சுங்கை பூலோவில் உடும்புகளும் சேற்றில் துள்ளும் மீன்களும் பிள்ளைகளைக் கவரும். அதிர்ஷ்டம் இருந்தால் நீர்நாய்க் குடும்பத்தையும் காணலாம். உவர்நீர் முதலைகளும் இங்கே உண்டு. ஆகவே நடைபாதையை விட்டு இறங்கக் கூடாது. குரங்குகள் இருக்கும் இடத்தில் பிளாஸ்டிக் பையைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்காமல் இருப்பது நல்லது.

படம் எதற்குப் பயன்படும்?

சில கரைப்பறவைகளின் காலில் வண்ணப் பட்டை கட்டப்பட்டிருக்கும். எந்த நாட்டில் கட்டப்பட்டது என்பதை அதன் நிறங்களே சொல்லிவிடும். காலும் பட்டையும் தெளிவாகத் தெரியும் ஒரு படம், நாள், இடக் குறிப்புடன் ஆய்வாளர்களுக்குப் போய்ச் சேர்ந்தால், அந்தப் பறவையின் பயணத்தில் ஒரு புள்ளி பதிவாகிவிடும். பறவையைக் கையால் தொடாமலேயே அறிவியலுக்குச் செய்யும் உதவி இது.

சுங்கை பூலோவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. பள்ளி விடுமுறையும் நவம்பரில் தொடங்கிவிடும். ஒரு வார இறுதியில் கடைத்தொகுதிக்குப் போவதற்குப் பதிலாகப் பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லலாம். சத்தம் போடாமல், இரை போடாமல், மரக்குடிலில் அரை மணி நேரம் அமைதியாக உட்காரக் கற்றுக்கொடுக்கலாம். படம் எடுத்துக்கொண்டு அவர்கள் திரும்பும்போது, அந்தப் பறவை தான் இருந்த இடத்திலேயே மேய்ந்துகொண்டிருந்தால், அதுவே சிறந்த படம்.