பயணப் பெட்டியும் பதறாத மனமும்

வெளியூர் செல்வதற்குப் பெட்டி அடுக்குவது மிகச் சிறிய வேலை என்று நம்மிற் பலர் கருதுகின்றனர். புறப்படுவதற்கு அரைமணி நேரம் முன்பு, கைக்கு அகப்பட்டவற்றையெல்லாம் திணித்துப் பூட்டிவிட்டால் அவ்வேலை முடிந்தது என்பது அவர்தம் எண்ணம். ஆனால், தேர்வு எழுத வெளியூர் செல்லும் ஒருவனுடைய நுழைவுச் சீட்டு வீட்டு மேசையிலேயே தங்கிவிட்டால், அவனது ஓராண்டு உழைப்பு வீணாகிவிடக்கூடும். ஆகவே, பெட்டி அடுக்குதலைக் கைவேலை என்று எண்ணாது, சிந்தனைக்குரிய வேலை என்றே கொள்ளுதல் வேண்டும். எவற்றைக் கொண்டு செல்வது, எதனை எங்கே வைப்பது, வைத்ததை எவ்வாறு சரிபார்ப்பது என்னும் மூன்று வினாக்களுக்கு விடை காண்பதே அவ்வேலையாகும்.

முதல் வினாவுக்குரிய விடையைத் தாளில் எழுதுங்கள். புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னரே எழுதுங்கள். காலையில் கண் விழிப்பது முதல் இரவில் உறங்கச் செல்வது வரை நீங்கள் கையாளும் பொருள்களை வரிசையாக நினைத்தால், பல் துலக்கி முதல் போர்வை வரை தாமே நினைவுக்கு வரும். அடுத்து, எக்காரியத்திற்காகச் செல்கிறீர்களோ அதற்குரியவற்றை எழுதுங்கள். மறுநாள் அப்பட்டியலை மீண்டும் படித்து, இன்றியமையாதவை அல்லாதவற்றை அடித்துவிடுங்கள். நம் நாட்டு இரயிலில் இரண்டாம் வகுப்பில் 35 கிலோவும், படுக்கை வசதி வகுப்பில் 40 கிலோவும் தனிக்கட்டணமின்றிக் கொண்டு செல்லலாம். எனினும் உங்களுக்குரிய அளவு அதுவன்று. நிலையத்தின் மேம்பாலப் படிகளில் பிறர் உதவியின்றி நீங்கள் தூக்கி ஏறக்கூடிய சுமையே உங்களுக்குரிய அளவு.

இரண்டாவது வினா இடத்தைப் பற்றியது. 1911-ஆம் ஆண்டில் நார்வே நாட்டவரான அமுண்ட்சென் நான்கு தோழருடன் தென்துருவத்திற்குப் புறப்பட்டார். அவருடைய பனிச்சறுக்கு வண்டிகளில் ஏற்றிய உணவுப் பெட்டிகளின் மேற்புறத்தில் சிறு மூடிகள் அமைக்கப்பட்டிருந்தன. வண்டியோடு சேர்த்துக் கட்டிய கயிற்றை அவிழ்க்காமலே, மூடியைத் திறந்து வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். விரல் விறைக்கும் குளிரில் நாள்தோறும் முடிச்சவிழ்த்து மீண்டும் கட்டும் தொல்லை இதனால் ஒழிந்தது. அவ்வாண்டு டிசம்பர் 14-ஆம் நாள் துருவத்தை அடைந்த அவ்வைவரும் நலமே திரும்பினர். அடிக்கடி வேண்டுவது அவிழ்க்காமல் எட்டும் இடத்தில் இருத்தல் வேண்டும் என்னும் விதியை இதிலிருந்து நாம் பெறலாம்.

இவ்விதியின் பொருளை 1994-ஆம் ஆண்டில் நான் நேரிற் கண்டேன். மாணவர்களைச் சுற்றுலா அழைத்துச் சென்றபோது, திருச்சி சந்திப்பில் இரவில் வண்டி மாற நேர்ந்தது. ஒரு மாணவனுக்குத் திடீரென மூச்சிரைப்பு கண்டது. மருந்து எங்கே என்று கேட்டதற்கு, அவன் தன் பெரிய தகரப் பெட்டியைச் சுட்டினான். நடைமேடை விளக்கின் கீழ் சட்டைகளையும் புத்தகங்களையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தோம். அடியில், காலுறைகளுக்கு நடுவே மருந்து கிடைத்தது. அச்சில நிமிடங்கள் எங்களுக்கு நெடும்பொழுதாகத் தோன்றின. அன்று முதல் மருந்து, பயணச்சீட்டு, அடையாள அட்டை, பணம் ஆகிய நான்கும் உடலைவிட்டு அகலாத சிறு பையில் இருத்தல் வேண்டும் என்பதை எங்கள் சுற்றுலாக்களுக்கு விதியாக்கினேன். சான்றிதழ்களின் படிகளை வேறொரு பையில் வையுங்கள். ஒன்று தவறினும் மற்றொன்று உதவும். விமானத்தில் செல்வோர், கைப்பேசிக்கு மின்னூட்டும் பவர் பேங்கைக் கைப்பையிலேயே வைத்தல் வேண்டும். அது தீப்பற்றினால் பயணிகள் பகுதியில் உடனே கண்டு அணைக்கலாம். சரக்கறையில் அது அரிது.

மூன்றாவது, சரிபார்த்தல். 1935-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் அமெரிக்காவில் போயிங் நிறுவனத்தின் புதிய பெரிய விமானமொன்று சோதனைப் பறப்பில் மேலெழுந்தவுடன் விழுந்து நொறுங்கியது. இருவர் உயிரிழந்தனர். அதனை ஓட்டியவர்கள் தேர்ந்த விமானிகள். எனினும், வால்பகுதி அசையாதிருக்கப் பூட்டியிருந்த பூட்டை விடுவிக்க மறந்திருந்தனர். அதன் பின்னரே, பறக்குமுன் ஒவ்வொன்றாகப் படித்துச் சரிபார்க்கும் பட்டியலை விமானிகள் வகுத்துக்கொண்டனர். தேர்ந்தவர்க்கே நினைவு தவறுமாயின், வாயிலில் ஆட்டோ காத்து நிற்கும்போது நம் நினைவை நம்பலாமா? பட்டியலில் விரல் வைத்து வாய்விட்டுப் படியுங்கள். பொருளைக் கண்ணால் கண்ட பின்னரே குறியிடுங்கள். வண்டியில் ஏறும்போதும் இறங்கும்போதும் உருப்படிகளை எண்ணுங்கள்.

திரும்பும்பொழுதுதான் பொருள்கள் மிகுதியாகத் தவறுகின்றன. கொடியில் உலரும் துண்டும், சுவரில் செருகிய மின்னூட்டியும் விடுதியிலேயே தங்கிவிடுகின்றன. ஆகவே, அதே பட்டியலைப் பத்திரப்படுத்தி, அறையைப் பூட்டுமுன் மீண்டும் ஒருமுறை படியுங்கள். வீடு வந்து சேர்ந்ததும், எடுத்துச் சென்று பயன்படாதவை எவை, இல்லாமல் வருந்தியவை எவை என்று அத்தாளிலேயே குறித்து வையுங்கள். அடுத்த பயணத்திற்கு அதுவே உங்கள் பாடநூல் ஆகும். பெட்டியைப் பற்றிய கவலை நீங்கிய மாணவனுக்கே, வினாத்தாளிலும் வழியில் காணும் புதிய ஊரிலும் முழு மனத்தைச் செலுத்த இயலும்.